அம்மனுக்கு யார் முதுகைக் காட்டலாம்?

மெல்லிசைக் குழுவை நடத்துவது என்றால், பார்ப்பவர்களுக்கு வெறும் கையாட்டல். ஆண் ஆட்டினால் "மாஸ்டர்" என்பார்கள். நான் ஆட்டியபோது, "இந்தம்மா யார வெரட்டுது?" என்றார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் குழு கண்ணமங்கலத்தில் இருந்தது. என்னைத் தவிர எல்லாரும் ஆண்கள். நொட்டேஷன் எழுதுவது, ஒத்திகை நடத்துவது எல்லாம் நான். ஆனால் மேடையில் எனக்குக் கோரஸ்தான். எங்கள் மாஸ்டர் வேறு குழுவுக்குத் தாவியபிறகு, குழு முதலாளிக்கு என் ஞாபகம் வந்தது.

"ஒரு ப்ரோக்ராம் நடத்திப் பாரு. சொதப்பினா மறுபடி கோரஸ்தான்" என்றார்.

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் மாரியம்மன் திருவிழா, பகல் கச்சேரி. ட்ரம்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் மலையேறினோம். அம்மன் பார்க்க வேண்டும் என்று மேடையைக் கோயிலுக்கு எதிரே போட்டிருந்தார்கள். குழுவைப் பார்த்து நின்று கையைத் தூக்கினேன். ஊர் நாட்டாமை எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா, அம்மனுக்கு முதுகக் காட்டிக்கினு நிக்கிற?"

"போன வருசம் மாஸ்டரும் இப்டித்தானுங்களே நின்னாரு?"

"அவுரு ஆம்பள. ஆத்தா கண்டுக்க மாட்டா."

ஆத்தாவும் பொம்பளதானே என்று கேட்க வாய் துடித்தது. அதற்குள் முதலாளி, "திரும்பி நின்னே ஆட்டும்மா, யாருக்குத் தெரியப்போவுது" என்றார். திரும்பி நின்றேன்; பின்னால் இருந்த குழுவுக்கு என் கை தெரியவில்லை. ட்ரம்ஸ் முன்னால் ஓடியது, ட்ரம்பெட் வழிதவறியது, பாடகர் சரணத்தில் அநாதையாக நின்றார். கூட்டம் சிரித்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டின.

"போதும், நீ கோரஸுக்குப் போ. ட்ரம்மர் பாத்துப்பான்" என்றார் முதலாளி.

நான் நேராக நாட்டாமையிடம் போனேன்.

"நான் அம்மனப் பாத்தே நிக்கிறேனுங்க. இவங்க கீழ எறங்கி, என்னப் பாத்து உக்காந்து வாசிக்கட்டுங்களா?"

"உக்காரட்டும்."

"இவங்க முதுகு அம்மன் பக்கம் இருக்குமுங்களே?"

"அதான் சொன்னேனே, ஆம்பள முதுகு பரவால்ல."

ஊர் சொல்லிவிட்டது, முதலாளியால் என்ன செய்ய முடியும்? மைக், ட்ரம்ஸ், ட்ரம்பெட் எல்லாம் இறங்கின. முதலாளியும் தன் அக்கார்டியனோடு புழுதியில் உட்கார்ந்தார். மேடையில் நான் ஒருத்திதான். கையைத் தூக்கினேன். அம்மன் நேராகப் பார்த்தாள், முதலாளி அண்ணாந்து பார்த்தார். எடுத்த பாட்டு பிசிறில்லாமல் முடிந்தது. கூட்டம் மறுபடி வாசிக்கச் சொன்னது.

இந்தத் தொழிலுக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். யாராவது உங்களுக்கென்று ஒரு சாஸ்திரம் சொன்னால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். கடைசிவரை கேளுங்கள். அதன்படியே நடந்தால் யார் கீழே உட்கார வேண்டியிருக்கும் என்பதை அவர்கள் யோசித்திருக்கவே மாட்டார்கள்.