பச்சையில் நின்ற ரயில்

கந்தர்வக்கோட்டைக்கு ரயில் கிடையாது. ஒவ்வொரு தேர்தலிலும் தண்டவாளம் போடுகிறார்கள், மேடையில். ஊர் பஸ்ஸுக்குத்தான் நிற்கிறது. அந்த ஊரில் பிறந்த நிலவழகன், பொறியியல் முடித்த கையோடு ரயில் ஓட்டுநர் வேலைக்குப் படிக்க உட்கார்ந்தான். ஐந்து வருடம் படித்தான். இரண்டு கட்டத் தேர்விலும், அதற்கு மேல் இருந்த திறனறித் தேர்விலும் தேறியபோது அவனுக்கு வயது இருபத்தேழு.

அவன் அப்பா வீரய்யாவுக்கு மூன்று ஏக்கர் முந்திரித் தோப்பு. செய்தி வந்த மறுநாளே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பதினைந்து அடியில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். பாய்ந்து வரும் என்ஜினுக்கு முன்னால் நிலவழகன் கோட்டு போட்டு நின்றான். கோட்டு, ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கணினியில் மாட்டிவிட்டது. ‘எங்கள் மண்ணின் முதல் ரயில் ஓட்டுநரை வாழ்த்துகிறோம்’ என்று கீழே இருபத்திரண்டு பேரின் படங்கள். மருத்துவப் பரிசோதனை ஒன்று பாக்கி இருந்தது. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பையன் கையில் வேலை வருமுன் ஊர் கண்ணில் வேலை வந்துவிட வேண்டும். அதுதான் நம் வழக்கம்.

பரிசோதனையில் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் புள்ளிகள். அவற்றுக்குள் ஓர் எண் இருக்கும், சொல்ல வேண்டும். முதல் பக்கத்தைச் சொன்னான். மற்ற பக்கங்களில் அவனுக்குப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. பச்சையும் சிவப்பும் அவன் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே நிறம். பிறவியில் வந்தது, மருந்து கிடையாது. ஐந்து வருடப் படிப்பு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அந்த விதியில் எனக்குக் குறை இல்லை. ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு சிக்னல் தெரிந்துதான் ஆக வேண்டும். என் கோபம் வேறு இடத்தில். பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் அவன் எடையைப் பார்த்தார்கள், உயரத்தை அளந்தார்கள், பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். அந்தப் புத்தகத்தை ஒருவரும் திறக்கவில்லை. திறனறித் தேர்வுக்குக் கண் சான்றிதழ் கேட்டார்கள். போய் நின்ற இடத்தில் ஒரு கண் மருத்துவர் சுவரில் இருந்த எழுத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு, நிறப் பார்வைக்கு நேரேயும் ‘சரி’ என்று டிக் போட்டு முத்திரை குத்தினார். அடுத்த ஆள் வெளியே காத்திருந்தார்.

வீட்டில் மட்டும் என்ன? பங்குனி, சித்திரையில் முந்திரிப்பழம் மரமெல்லாம் சிவந்து தொங்கும். சின்ன வயதில் நிலவழகன் கிளையில் இருக்கும் பழத்தைப் பறிக்காமல் தரையில் விழுந்ததையே பொறுக்குவான். உடம்பு வணங்காதவன் என்று வீரய்யா முந்திரி விளாரால் அடித்திருக்கிறார். அம்மா செங்கமலம் தன் அப்பாவுக்கும் இப்படித்தான் இலைக்குள் பழம் தெரியாது என்று சொல்லித் தடுப்பார். பதில் அந்த வாக்கியத்திலேயே இருந்தது. சமையற்கட்டில் இருந்து வந்த வாக்கியம் என்பதால் யாரும் கேட்கவில்லை.

பரிசோதனை முடிந்து வெளியே வந்தவனுக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தது. என்றைக்கு ஜாயின் பண்ண வேண்டும் என்று கேட்டார். அடுத்த மாதம் என்றான். சொன்னது அவ்வளவுதான். மற்ற பொய்களை ஊரே சொல்லிக்கொண்டது. திருச்சியில் டிரெயினிங் என்றார்கள், பிறகு புதுக்கோட்டையில் ரூம் என்றார்கள். பொன்னமராவதியில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் டெக்னீஷியனாக இருந்த சுடர்விழியை அவனுக்குப் பேசி முடித்தார்கள். ஆவணி கடைசியில் கல்யாணம்.

ரூம் என்பது மட்டும் உண்மை. புதுக்கோட்டையில் அருள்தாஸ் என்பவர் நடத்திய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் பிரிண்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தான் நிலவழகன். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அருள்தாஸ் சாப்பிடப் போவார். அந்த இரண்டு மணி நேரம் அவன் ரயில் ஓட்டினான்.

தண்டவாளம் போட்டு ரயில்வேயை நிர்வகிக்கிற விளையாட்டு ஒன்று இருந்தது. அதில் தஞ்சாவூரிலிருந்து கந்தர்வக்கோட்டை வழியாகப் புதுக்கோட்டைக்கு ஒரே மதியத்தில் பாதை போட்டான். சர்வே இல்லை, மனு இல்லை, மேடை இல்லை. ஆனால் அவன் மனம் போய்க் கிடந்தது மற்றொன்றில். என்ஜினுக்குள்ளேயே உட்கார்ந்து ஓட்டும் விளையாட்டு அது. திருச்சி–காரைக்குடிப் பாதையை யாரோ ஓர் ஆர்வலர் பாலம் பாலமாக, கேட் கேட்டாகச் செய்து இணையத்தில் போட்டிருந்தார். கீரனூரில் வண்டியைப் பிளாட்பாரக் கோட்டுக்குச் சரியாக நிறுத்த எங்கே பிரேக்கைத் தொட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பிடித்தால் நின்றது, விட்டால் ஓடியது. நேரத்துக்கு வந்தால் மதிப்பெண், பிந்தினால் இல்லை. அங்கே ஆள் பார்த்து மதிப்பெண் கொடுப்பதில்லை. திரையின் கீழ் மூலையில் அடுத்த சிக்னலின் தூரமும் நிறமும் எழுத்தில் ஓடும். அந்த ஒரு வரியை நம்பித்தான் அவன் எட்டு மாதம் ஓட்டுநராக இருந்தான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் ஷட்டருக்குக் கீழே குனிந்து சுடர்விழி உள்ளே வந்தாள். லேப் பிரிண்டர் பழுதாகி, பஸ்ஸில் ஏற்றி, இறங்கி ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் திகைத்துப்போய், பிறகு சிரித்தாள். இன்று தனக்கு டியூட்டி இல்லை, இது நண்பர் கடை என்றான். திரையில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

“லீவுலயும் ரயில்தானா? ஓட்டுங்க, பாக்குறேன்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வெள்ளனூரைத் தாண்டி வண்டி போனது. அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு கண்மாயைக் காட்டி, நிஜத்தில் அதில் இவ்வளவு தண்ணீர் கிடையாது என்று கேலி பேசினாள். இன்னும் நன்றாகப் பார்க்க மேசையில் கையூன்றிக் குனிந்தாள். அவள் முழங்கை திரையின் கீழ் மூலையை மறைத்தது.

சிக்னல் வந்தது. அவன் வேகத்தைக் குறைத்தான். இன்னும் குறைத்தான். வண்டி நின்றுவிட்டது.

“பச்சைதானங்க எரியுது, ஏன் நிறுத்திட்டீங்க?”

அவன் கண் அவள் முழங்கைக்குப் போனது. அவள் திரையைப் பார்த்தாள், தன் முழங்கையைப் பார்த்தாள். கையை எடுத்தாள். மூலையில் ‘பச்சை’ என்று எழுதியிருந்தது. நாள் முழுக்கக் கண்ணாடிக் குழாய்களில் நிறம் பார்த்துப் பிழைக்கிறவள் அவள். மீண்டும் கையை அங்கேயே வைத்து, “இப்ப சொல்லுங்க, என்ன கலரு?” என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆகவில்லை.

“வேலை இல்லங்கறது ஒண்ணும் இல்லங்க” என்றாள் சுடர்விழி. “லேப்ல எல்லாருக்கும் நாந்தான் ட்ரெயின் டைம் சொல்றேன். வண்டி லேட்டுன்னா என்னையத்தான் திட்டுறாங்க. நானும் ஒங்களுக்காக வரிஞ்சு கட்டிப் பதில் பேசிக்கிட்டு இருக்கேன்.”

அவன் மன்னிப்புக் கேட்டான். அவள் காதில் வாங்கவில்லை.

“வெள்ளிக்கிழமை கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போவுது. ஒங்க பேருக்குக் கீழ அந்த வேலையப் போட்டுத்தான் புரூஃப் வந்திருக்கு. அதுக்குள்ள நீங்க சொல்லிடணும். நான் சொல்ல மாட்டேன்.”

பிரிண்டரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை வரை அவன் சொல்லவில்லை. அன்று காலையில் கந்தர்வக்கோட்டை அச்சகத்துக்குப் போனபோது வீரய்யா புரூஃபைக் கையில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். பெயருக்குக் கீழே பட்டம், பட்டத்துக்குக் கீழே ‘உதவி ரயில் ஓட்டுநர், தென்னக ரயில்வே’. நிலவழகன் அவர் கையிலிருந்து காகிதத்தை வாங்கினான். அச்சகக்காரரிடம் பேனா கேட்டு, அந்த வரியை அடித்தான்.

பரிசோதனையில் தேறவில்லை, வேலை இல்லை, எட்டு மாதமாகக் கடையில் இருக்கிறேன் என்று சொன்னான். அச்சகக்காரர் அவசரமாகக் காகிதக் கட்டு எண்ணப் போய்விட்டார்.

வீரய்யா கத்தவில்லை. ஃப்ளெக்ஸ் வைத்தபோதே நாலு பேர் கண் பட்டுவிட்டது, சாமியிடம் ஒரு பரிகாரம் கேட்டிருக்க வேண்டும் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு புரூஃபைத் தேய்த்து விரித்து வைத்தார். “அந்த வரி இருக்கட்டும்டா. ஒரு நாளைக்கு இருந்துட்டுப் போகட்டும். அப்பறம் பாத்துக்கலாம்.”

“மரத்துல பழம் தெரியலன்னு என்னை எத்தனை தடவ அடிச்சீங்கப்பா? எனக்கு அப்பவும் தெரியலதான்.”

அடித்த கை மேசை மேல் இருந்தது. வீரய்யா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் எழுந்து போகும்போது அவர் சொன்னது இது: “எல்லாம் ஒங்க ஆத்தா வழியில வந்தது.”

இருபது வருடமாக உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே பெண் தலையில், கடைசியில் குற்றமும் விழுந்தது.

அன்று மதியமே நிலவழகன் பஸ் ஏறிப் பொன்னமராவதி போய் சுடர்விழியின் அப்பாவிடமும் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார், காபி கொடுத்தார், வாசல் வரை வந்து வழியனுப்பினார். மறுநாள் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்: ஜாதகத்தை வேறு இடத்தில் காட்டியதில் ஒரு தடை தெரிகிறதாம், கல்யாணம் வேண்டாமாம். படித்தவர், சம்பளக்காரர். கண்ணெதிரே ஒருவன் உள்ளதைச் சொன்ன பிறகும், மறுப்பதற்கு அவருக்குக் கட்டம் தேவைப்பட்டது.

சுடர்விழி போன் செய்தாள்.

“ஜாதகமெல்லாம் இல்லங்க. எங்க அப்பாவுக்கு வேலை இல்லாததுதான். எனக்கு அந்த எட்டு மாசம்தான். நீங்களா வந்து சொல்லியிருந்தீங்கன்னா அப்பாகிட்ட சண்டை போட்டிருப்பேன். நான் கண்டுபிடிச்ச பெறகுதான் சொன்னீங்க.”

அவன் ஆமாம் என்றான். பிரிண்டர் சரியாகிவிட்டதா என்று கேட்டாள். ஆகிவிட்டது என்றான். லேப்பிலிருந்து வேறு ஆள் வந்து வாங்கிக்கொள்வார் என்றாள்.

பத்திரிகை அச்சாகவில்லை. ஃப்ளெக்ஸைக் கழற்றி, வீரய்யா வீட்டு வாசலில் காயும் முந்திரிக்கொட்டை மேல் மழைக்கு மூடிவைத்திருக்கிறார்கள். படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம். செங்கமலம் அதைத் தினமும் விரித்து, தினமும் மடிக்கிறார்.

நிலவழகன் அதே கடையில்தான் இருக்கிறான். மதியம் அதே ரயில்தான். மூலையில் ஓடும் வரியை மட்டும் அணைத்துவிட்டான். சிக்னல் கம்பத்தில் எரிவது பச்சை இருக்கும் மேல் விளக்கா, சிவப்பு இருக்கும் கீழ் விளக்கா என்று பார்த்துப் பார்த்துப் போகிறான். கிட்டே போனால்தான் அது தெரியும் என்பதால், ஒவ்வொரு கம்பத்துக்கும் ஊர்ந்து போக வேண்டியிருக்கிறது. மூன்று மணிக்கு அருள்தாஸ் ஷட்டரைத் தூக்கும்போது வண்டி திருமயத்தைத் தாண்டியிருப்பதில்லை.