என் பிக்கப் வண்டியும் ‘சாரைக் கூப்பிடுங்க’ கூட்டமும்

பழைய வண்டியை வீட்டில் வைத்துச் சரிபண்ணுகிற வேலையில் வண்டி கொடுக்கிற தொல்லை கொஞ்சம்தான்; அதைப் பார்க்க வருகிறவர்கள் கொடுக்கிற தொல்லைதான் மிச்சமெல்லாம். பழைய ஸ்கூட்டரோ ஜீப்போ வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பேச்சு வாங்குகிற சக பாவிகளே, நீங்களாவது என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

கிண்டி எஸ்டேட்டில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தவள் நான். நட்டும் போல்ட்டும் என் கையில் புரளாத நாள் கிடையாது. கம்பெனியை மூடுகிறபோது முதலாளி எல்லோருக்கும் வெள்ளிக் குங்குமச் சிமிழ் கொடுத்தார். எனக்குச் சிமிழ் வேண்டாம் சார், ஷெட்டுக்குப் பின்னால் துருப்பிடித்து நிற்கிறதே அந்தப் பிக்கப், அதைக் கொடுங்கள் என்று கேட்டேன். முன்பக்கம் கார் மாதிரி உருண்டை மூக்கு, பின்பக்கம் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. அதில் ஏறிப்போன ஒவ்வொரு பெட்டிக்கும் கையெழுத்துப் போட்டது நான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஸ்டியரிங்கைத் தொட விட்டிருப்பார்களா? அதை நான் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை, பெரிய ஆசையா இது?

என் வீட்டுக்காரர் சுந்தரம் இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவர். தங்கமான மனுஷர். சாமி பக்தி ஜாஸ்தி. ஸ்குரூ டிரைவரைத் திருப்புளி என்பதா ஸ்பேனர் என்பதா என்று இன்றைக்கும் யோசிப்பார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் வருகிற எல்லோரும் அவரைத்தான் தேடுவார்கள்.

வந்த அன்றைக்கே

மந்தைவெளியில் எங்கள் அபார்ட்மெண்ட் கார் நிறுத்துகிற இடத்தில் கிரேன் வண்டி பிக்கப்பை இறக்கிவிட்டுப் போனது. நான் காப்பி போட்டுக் குடிக்கவில்லை, அதற்குள் காயலான் கடைக்காரர் ஒருவர் மூன்று சக்கர வண்டியோடு கேட்டுக்குள் வந்துவிட்டார். மோப்பம் பிடித்து வருவார்கள் போலிருக்கிறது. பிக்கப்பைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார், பொண்ணு பார்க்க வந்தவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார்.

விற்கிறதில்லை, ரிப்பேர் பண்ணப் போகிறேன் என்று சொன்னேன். காதில் விழவே இல்லை. இரும்பு என்ன விலை, அலுமினியம் என்ன விலை என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். நான் மறுபடி விற்கிறதில்லை என்றேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் பால் பாக்கெட்டோடு மாடிப்படி பக்கம் வந்தார். அவ்வளவுதான், ஆள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என்னைத் தாண்டிக்கொண்டு போய் அவரிடம் சொன்னார்:

“இந்தம்மா இன்னா நைனா, குறுக்க குறுக்க பேசிக்கினு கீது? நீ ஒரு ரேட்டு சொல்லு, நான் தூக்கிக்கினு போய்க்கினே இருக்கேன்.”

மொட்டை மாடியில் தீர்ப்பு

மூன்றாவது மாடி வெங்கடேசன் எங்கள் அசோசியேஷன் செகரட்டரி. வண்டி வந்த வாரமே மொட்டை மாடியில் கூட்டம் போட்டார். தண்ணீர் லாரி வராதபோது கூடாத கூட்டம், என் பிக்கப்புக்குக் கூடியது. எண்ணெய் ஒழுகுகிறது, எலி வரும், வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஆளுக்கு ஒரு குற்றப்பத்திரிகை. கடைசியில் தீர்ப்புச் சொன்னார்கள். ஆயுத பூஜை அன்றைக்குச் சாயங்காலம் எல்லா வண்டிகளையும் கேட்டுக்கு வெளியே வரிசையாக நிறுத்தி எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம் அல்லவா, அந்த வரிசைக்கு என் வண்டி சொந்த இன்ஜினில் ஓடி வர வேண்டும். வரவில்லையென்றால் மறுநாள் காயலான் கடைக்கு. நானும் ரோஷத்தில் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

ஆனால் மனசு ஆறவில்லை. வெங்கடேசனின் பையன் அமெரிக்கா போகும்போது நிறுத்திவிட்டுப் போன கார், அதே இடத்தில், நாலு டயரும் தரையோடு தரையாகச் சப்பிப்போய் வருஷக்கணக்காகக் கிடக்கிறது. அதற்குள் பூனை குட்டி போட்டு, அந்தக் குட்டியும் பெரிதாகிப் போய்விட்டது. அந்தக் கார் மட்டும் ஓடுகிறதா சார் என்று கேட்டேன். மனுஷர் கொஞ்சமும் அசரவில்லை.

“அதுக்குத்தான் கவர் போட்டிருக்கோமே மேடம்.”

புதுப்பேட்டை டெலிபோன்

பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கிற ரப்பர் தகடு கிழிந்து போயிருந்தது. டயாப்ரம் என்பார்கள். அதைத் தேடிப் புதுப்பேட்டைக்குப் போனேன். கடைகடையாக ஏறி இறங்கி ஒரு கடையில் இருக்கிறது என்றார்கள். எந்த மாடல், எத்தனை துளை என்று எல்லாம் சொன்னேன். கடைக்காரர் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். மெக்கானிக்கைப் பேசச் சொல்லுங்கள் என்றார். நான்தான் மெக்கானிக் என்றேன். அப்படியானால் வீட்டுக்காரர் நம்பரைக் கொடுங்கள் என்றார்.

அலைந்த அலைச்சலில் கால் விண்விண் என்று தெறித்தது. சண்டை போடத் தெம்பில்லை, நம்பரைக் கொடுத்தேன். கடைக்காரர் அவரைக் கூப்பிட்டு, சார் எத்தனை துளை சார் என்று கேட்டார். ஒரு நிமிஷம், பார்த்துச் சொல்கிறேன் என்று என் வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டார். உடனே என் போன் அடித்தது. கல்பனா, யாரோ என்னமோ துளை கேட்கிறார்கள், என்னம்மா அது என்றார். அந்தக் கடைக்காரருக்கு எதிரிலேயே நின்றுகொண்டு, ஆறு துளைங்க, நடுவில் இருக்கிற கம்பி நீளமாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் அதைக் கடைக்காரருக்குத் திருப்பிப் போன் போட்டுச் சொன்னார். கடைக்காரர் போனை வைத்துவிட்டு, சரியான டயாப்ரமை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“பாத்தீங்களாம்மா, சார் டக்குனு சொல்லிட்டாரு.”

துருவுக்கு வந்த மவுசு

முன் மூக்கில் இருந்த துருவை எமரித் தாள் போட்டுத் தேய்க்கத் தொடங்கியிருந்தேன். தேய்த்தவர்களுக்குத் தெரியும், விரல் ரேகையே அழிந்துபோகும். ஒரு பக்கம் முடித்து, முதுகை நிமிர்த்துகிறேன், கேட்டில் ஒரு கூட்டம். கல்யாணம் ஆகப்போகிற பையன், பெண், கேமராக்காரர், குடை பிடிக்க ஒருவர். கபாலி கோயில் குளத்தங்கரையில் போட்டோ எடுத்துவிட்டு வருகிற வழியாம். வாட்ச்மேன் உள்ளே விட்டுவிட்டார்.

நான் சரி என்று சொல்லுமுன்னே அந்தப் பெண் பட்டுப்புடவையோடு பானெட் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்தப் பானெட்டை நிமிர்த்தவே இரண்டு நாள் ஆகியிருந்தது, அது ஒரு முனகல் முனகிற்று பாருங்கள், எனக்குப் பெற்ற வயிறு பதறினது மாதிரி ஆகிவிட்டது. இறங்கும்மா என்று கத்தினேன். இறங்கியது. கேமராக்காரர் நான் தேய்த்து முடித்த பக்கத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பிறகு தேய்க்காத பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் ரொம்ப அன்பாகச் சொன்னார்:

“ஆன்ட்டி, இந்தத் துருவை மட்டும் எதுவும் பண்ணிடாதீங்க, அதான் லுக்கே.”

வடாம்

கதவுகளில் இருந்த ஒடுக்கை எடுக்க ராயப்பேட்டையில் டிங்கர் வேலை செய்கிற காதர் பாயை வரச்சொல்லியிருந்தேன். இந்தக் கதையில் என்னை மெக்கானிக்காக மதித்துப் பேசுகிற ஒரே ஆள் அவர்தான். வேலையும் சுத்தம். ஆனால் சுத்தியல் என்றால் சத்தம் வரத்தானே செய்யும்? முதல் அடி விழுந்ததுமே முதல் மாடி ஜானகி மாமி பால்கனிக்கு வந்துவிடுவாள். ஆத்துல நிம்மதியாக ஒரு ஸ்லோகம் சொல்ல முடியலை, இது குடித்தனம் பண்ற இடமா பட்டறையா என்று தினம் ஒரு பாட்டு. இந்த ஓட்டை லாரியை எப்போது தலைமுழுகப் போகிறாய் என்று தினம் ஒரு கேள்வி.

ஒரு நாள் காலையில் பாயும் நானும் கீழே வந்தால், வண்டியின் பின் தொட்டியில் வெள்ளை வேட்டி விரித்து, வரிசை வரிசையாக வடாம் பிழிந்திருக்கிறது. தொட்டி இருக்கிற இடத்தில் காலையில் இருந்து நல்ல வெயில் விழும், மாமி அதைப் பார்த்து வைத்திருக்கிறாள். பாய் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார், நான் பாயைப் பார்க்கிறேன். ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருக்கிறது, எனக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம். மாமி, எடுத்துவிடுங்கள், வேலை இருக்கிறது என்றேன். மாமி மேலே இருந்து குனிந்து பார்த்தாள்.

“காயற வரைக்கும் சித்த தட்டாம இருங்கோளேன், எல்லாம் அதிர்ந்து உடைஞ்சுண்டு போறது.”

ஊரெல்லாம் பொட்டு

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அழுதேன், அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இறங்கி வந்து ஸ்டார்ட் செய்தேன், பெட்ரோல் நெடி குப்பென்று அடித்தது. அணைத்துவிட்டுப் பார்த்தால், கார்புரேட்டருக்கு வருகிற குழாயில் ஒரு நட்டு அதிர்வில் தளர்ந்து சொட்டுகிறது. ஒரு ஸ்பேனர், ஒரே ஒரு சுற்று, வேலை முடிந்தது. பெட்ரோல் சொட்டுகிற வண்டியைக் கற்பூரம் ஏற்றுகிற இடத்துக்குக் கொண்டுபோக முடியுமா?

ஸ்பேனர் பெட்டியைத் தேடினால் காணோம். மேலே ஓடினால், பூஜை அலமாரிக்கு முன்னால், சரஸ்வதி படத்தின் கீழே என் அத்தனை சாமானும் சந்தனம், குங்குமத்தோடு மாலை போட்டு உட்கார்ந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் ஆசைஆசையாகச் செய்த வேலை. பூஜையில் வைத்ததை நாளைக்குப் புனர்பூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும், படிக்கிற புத்தகத்தையே தொடக்கூடாது என்றார். என் வாழ்க்கையில் என்னிடம் அவர் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

சாமிகுத்தம் எதற்கு என்று தெருமுனை மெக்கானிக்கிடம் ஓடினேன். ஷட்டர் இறங்கியிருந்தது, உள்ளே ஸ்பேனருக்குப் பூஜை. ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டேன், எல்லாம் சாமிகிட்ட இருக்கு அக்கா என்று பொரியை நீட்டினார்கள். சமையலறை இடுக்கியை வைத்துத் திருகிப் பார்த்தேன், வழுக்கி விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம். சட்டென்று காதர் பாய் ஞாபகம் வந்தது. அப்பாடா, பாய் பட்டறையில் ஏது பூஜை என்று போன் போட்டேன். அவர் குரலில் அவ்வளவு சங்கடம்.

“நம்ம பட்டறையிலயும் பூஜைதாம்மா. வேலை செய்யிறவங்க எல்லாத்துக்கும் பொட்டு வச்சுட்டாங்க, நாளைக்குத்தான் கை வைப்போம்.”

எலுமிச்சம்பழம்

இந்த ஊரில் எத்தனை லட்சம் ஸ்பேனர் இருக்கும்? ஒன்றுகூட வேலை செய்யாதாம், எல்லாம் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமாம்! கீழே வண்டிகளை வரிசை கட்டத் தொடங்கிவிட்டார்கள். வெங்கடேசன் என் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுநாள் காலைக்குக் கிரேன் சொல்லியாகிவிட்டது என்று வாட்ச்மேனிடம் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

மேலே வந்தேன். பூஜை அலமாரி முன்னால் நின்றேன். கத்தவில்லை. “நாளைக்கு எடுக்கறதுக்கு ஸ்பேனர் இருக்கும்ங்க, வண்டி இருக்காது” என்று மட்டும் சொன்னேன். என் வீட்டுக்காரர் என் உரிந்த விரலைப் பார்த்தார். பிறகு சாமி முன்னால் விழுந்து கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, குவியலில் இருந்து ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். அது கட்டிங் பிளேயர். நான் அதை வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நட்டு இறுகியது, சொட்டு நின்றது. சிந்தினதைத் துடைத்து, காய விட்டு, சாவியைத் திருப்பினேன். கேட்டைத் தாண்டி வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினேன். நாலு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். கிளட்சை விட்டேன். நாலும் நசுங்கின சத்தம் எனக்குக் கேட்டது, வேறு யாருக்குக் கேட்டதோ தெரியாது. இறங்கி வந்தால், வெங்கடேசன் ஓடி வந்து என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். சாதித்துவிட்டீர்கள் சார், என்ன உழைப்பு சார் என்கிறார். ஸ்டியரிங் கறுப்பு ஒட்டின கையோடு நான் பக்கத்தில் நிற்கிறேன், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் மெதுவாகக் கையை உருவிக்கொண்டார்.

“எனக்கு இதுல ஹாரன் எங்க இருக்குன்னுகூடத் தெரியாது சார், இவங்களைக் கேளுங்க.”

என் வண்டியைப் பற்றி அவர் வாயில் இருந்து இதுவரை வந்த தகவல்களிலேயே நான் சொல்லிக்கொடுக்காமல் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.