கிட் சரியில்லை

ரத்தம் எடுக்கிற தொழிலில் ஊசி குத்துகிறவனுக்கு வலிக்காது என்று நினைப்பவர்கள், திண்டுக்கல்லில் எங்கள் லேப்புக்கு வந்து என்னைப் பார்க்கலாம். தொப்பைக்கு எட்டாமல் பெல்ட்டில் கூடுதல் ஓட்டை போட்டுக்கொண்டவர்களுக்கும், பஸ்ஸில் பக்கத்து ஆள் முகம் சுளிப்பாரே என்று சீட் இருந்தும் நின்றுகொண்டே போகிறவர்களுக்கும் நான் சொல்வது உடனே புரியும்.

நரம்பு எங்கே?

வடமதுரையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். கிட்டத்தட்ட என் சைஸ். ரப்பர் பட்டையைக் கட்டித் தட்டித் தட்டிப் பார்த்தும் நரம்பு தட்டுப்படவில்லை. அவர் சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு, "சிரமம் குடுக்கிறேன்" என்றார். "இதுல என்ன வெட்கம் டீச்சர்?" என்று பெரிய மனுஷத் தோரணையில் சொல்லி, ஒருவழியாக எடுத்துவிட்டேன்.

சாயந்திரம் ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. கூடுதல். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஈரல் அதிகமாக விடுகிற புரதம் அது. காய்ச்சலும் இல்லை, புண்ணும் இல்லை என்றார். டாக்டரிடம் காட்டுங்கள் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா? "தொப்பைக் கொழுப்பு சும்மா கிடக்காது டீச்சர். ஓயாம சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும். எதிர்ப்புச் சக்தி, திருடன் புகுந்துட்டான்னு நெனச்சு உள்ளேயே சண்டை போடும். வெயிட்டைக் குறைங்க" என்று பாடமே நடத்தினேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்களுக்கு ரத்தம் எடுக்கிறது யாரு சார்?"

இரண்டாம் மாடி

வீட்டுக்கே போய் எடுப்பதும் உண்டு. மகன் வீட்டுக்கு வந்திருந்த ஆயக்குடிக் கொய்யாத் தோட்டக்காரர் ஒருவருக்காக இரண்டாம் மாடி ஏறினேன். கதவு திறந்தபோது பேச்சு வரவில்லை, மூச்சுதான் வந்தது. பெரியவர் பதறிப்போய் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, ஃபேனை என் பக்கம் திருப்பினார். நான் லேப் ஆள் என்று சொல்வதற்குள் முதுகைத் தடவிக் கொடுத்தார். "ஏனுங்க, டாக்டரு கீழ் வீட்டுலதானுங்க இருக்காரு. இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு இத்தன படி ஏறோணுமுங்களா?"

புதுப் பெட்டி

சி.ஆர்.பி. பார்க்கிற கிட் புதிதாக வந்தால், எங்கள் ஆட்களில் ஒருவர் ரத்தத்தில் முதலில் சோதித்துப் பார்ப்பது எங்கள் லேப் வழக்கம். அதற்குப் பெயரே 'நல்ல ரத்தம்'. கூட வேலை பார்க்கிற செல்விதான் எப்போதும் கை நீட்டும். அன்று அது லீவு. எனக்கு நரம்பு கிடைக்காதென்று, விரலைக் குத்தி நானே எடுத்துக்கொண்டேன். ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்த தெளிநீரை அட்டையில் ஒரு சொட்டு விட்டு, கிட்டில் வரும் வெள்ளை மருந்தோடு கலக்கினால், நல்ல ரத்தம் என்றால் பால் மாதிரி அப்படியே நிற்க வேண்டும். என்னுடையது திரிந்த பாலாகக் குறுணை குறுணையாகிவிட்டது.

எனக்குக் காய்ச்சல் இல்லை, பல்வலிகூட இல்லை. டீச்சருக்கு நடத்திய பாடம் அப்போது ஞாபகத்துக்கு வந்ததா? வரவே இல்லை. காத்திருந்தவர்கள் எல்லோரும் கேட்க, கிட் விற்ற கம்பெனிப் பையனுக்குப் போன் போட்டு, "டப்பா சரக்கை என் தலையில கட்டிட்டியா?" என்று சத்தம் போட்டேன். ஓடிவந்தான். ஒல்லிப்பிச்சான். அவன் ரத்தத்தையும் அதேபோல் பிரித்துக் கலக்கினோம். பால் மாதிரி நின்றது. அத்தனை பேர் முன்னால் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவன் மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது: "சார், கிட்டு நல்லாத்தான் இருக்கு. ஆளை மாத்திப் பாருங்க."

என் முறை

மறுநாள் காலையில் செல்வி என்னை விடவில்லை. "சுகரும் சேர்த்துப் பாத்துருவோம்ணே, செத்த நேரம் உக்காருங்க" என்று கஸ்டமர் நாற்காலியில் உட்கார்த்தியது. எங்கப்பாவுக்கு ஒரு காலை வெட்டி எடுத்தது சர்க்கரையால்தான். அந்தப் பயத்தில்தான் இத்தனை காலமும் கை நீட்டாமல் இருந்தேன். ரப்பர் பட்டை கட்டி, இந்தக் கை, அந்தக் கை என்று தேடியும் நரம்பு கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு வடமதுரை டீச்சர் மறு டெஸ்டுக்கு வந்து நின்றார். சட்டைக் கையைச் சடாரென்று இறக்கிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்: "இதுல என்ன வெட்கம் சார்?"

செல்வி ஒருவழியாக எடுத்த ரத்தத்தில் எனக்கும் சர்க்கரை வந்தேவிட்டது; ஊருக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி அச்சடித்துக் கொடுக்கிற நான், வீட்டில் கேட்டால் மட்டும் புது கிட் சரியில்லை என்றே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.