அம்மாவுக்கு எழுதிய கப்பல் சொற்கள்

அக்கா அந்தமானில் இருக்கிறாள். போர்ட் பிளேரில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு தீவுக்குப் பயணிகள் கப்பல் ஏறித்தான் அவள் வீட்டுக்குப் போக முடியும். பிரசவம் பார்க்க அம்மா போயாக வேண்டும். போர்ட் பிளேர் வரை எங்கள் ஊர் முட்டத்துக் குடும்பம் ஒன்று துணைக்குப் போகிறது. அதற்கப்புறம் அம்மா தனி. நான் கூடப் போகலாம் என்றால், ஆசிரியை வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இப்போது நீண்ட விடுப்புக் கேட்டால் வேலை போய்விடும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அந்த வேலையை விட எனக்கு மனமில்லை. இதைச் சொல்ல வெட்கமும் இல்லை.

ஆகவே கப்பலில் காதில் விழக்கூடிய இருபத்தேழு சொற்களை எழுதினேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நான் வாசிக்க, அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். படகுத்துறைக்கு அங்கே ஜெட்டி என்று பெயர் என்றதும் முந்தானையை வாயில் பொத்திச் சிரித்தாள். அன்றைய பாடம் அதோடு சரி. மறுநாள் மேல்தளம், கீழ்த்தளம், லைஃப் ஜாக்கெட். இந்தியில் 'ருக்கோ' என்றால் நில், 'ஜல்தி' என்றால் சீக்கிரம்.

"சீக்கிரம்னா அவன் கத்துக கத்துலயே தெரியாதா மக்கா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போனேன். பாறைக்குப் போகிற படகில் ஒருமுறை ஏற்றி இறக்கினால் பழகிவிடும் என்று நினைத்தேன். கரையில் மீன் விற்றே வாழ்ந்தவள்தான். ஆனால் எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் மீன்பிடி வள்ளத்தில் ஏறியதில்லை.

இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். படகின் வாசலுக்கு வந்ததும் அம்மா நின்றுவிட்டாள். குனிந்து செருப்பைக் கழற்றினாள். சுவரோரம் கொண்டுபோய் ஜோடியாக வைத்தாள். திரும்பி வந்து படகின் விளிம்பைத் தொட்டு, சிலுவை போட்டாள். பின்னால் வரிசை முழுவதும் நின்றது.

"அம்மா, செருப்பைப் போடு!"

"வள்ளத்துல செருப்போட ஏறவா? இம்புட்டு படிச்சும் ஒனக்கு இது தெரியல்லியா, ஏட்டி?"

"இது வள்ளம் இல்ல, போட்டு!"

"கடல்ல ஓடுகது எல்லாம் வள்ளம்தான்."

கயிறு பிடித்து நின்ற ஆள் கத்தினார். "எம்மா, இது என்ன கோயிலா?"

"சோறு போடுகது பின்ன என்னதுடே?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. "சரி, கையிலாவது எடுத்துக்கோ" என்றேன்.

"கெடக்கட்டும். வரும்போ எடுக்கலாம்."

அந்தமானில் ஏறிய துறைக்கே உடனே திரும்பி வந்து செருப்பை எடுக்க முடியாது என்று படகில் போகும் வழியெல்லாம் சொன்னேன். வரிசையை நிறுத்தினால் கப்பல் உன்னை விட்டுவிட்டுப் போய்விடும், மறுநாள் வரை அந்தத் துறையில் யாருமில்லாமல் நிற்பாய் என்றும் சொன்னேன். லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தாள். பாறையில் இறங்கியதும் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். "இவங்க இப்பதான் கழட்டுகாவ" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பும்போது முடிவு செய்துவிட்டேன். "நீ தனியா போக வேண்டாம். நாளைக்கு ஸ்கூல்ல லீவு எழுதிக் குடுத்துட்டு நானும் வாறேன்" என்றேன்.

அம்மா சுவரோரம் கிடந்த செருப்பைப் போட்டுக்கொண்டு பேருந்து நிலையம் வரை எனக்கு முன்னால் நடந்தாள். பேருந்து கிளம்பியபின் என் பையைத் தானே திறந்து, சொற்கள் எழுதிய தாளை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"மொதல்ல இருந்து சொல்லு."

சொன்னேன். பேருந்துக்கே கேட்கிற மாதிரி திருப்பிச் சொன்னாள். மேல்தளமும் கீழ்த்தளமும் மாறின. நடத்துநர் 'ஜல்தி' என்றால் என்னவென்று அவளிடம் கேட்டார், 'நில்லு' என்றாள். நான் தலையில் கை வைத்தேன். ராஜாக்கமங்கலம் வந்தபோது நான்காவது முறையாக முதலிலிருந்து தொடங்கச் சொன்னாள்.

முட்டத்தில் இறங்கும்போது இருபத்தேழில் பதினொன்று தேறியிருந்தது. அன்று மாலையே அம்மா ஒருத்திக்கு மட்டும் டிக்கெட் போட்டேன்.