தண்ணீர் இல்லை என்று எழுதியவன்

சூரியநெல்லியிலிருந்து ஜெசிந்தாவின் தம்பி அந்தோணி கூப்பிட்டார். "அக்கா போயிட்டாங்கண்ணே. நெஞ்சுவலி. நாளைக்கு அடக்கம்." அவர் வாயால் அண்ணன் என்று அழைக்கப்பட எனக்குத் தகுதியில்லை. அது அவருக்குத் தெரியாது.

பாலக்காட்டுக்குக் கிழக்கே அந்த ரசாயன ஆலையின் சோதனைக்கூடத்தில் எங்களோடு இருந்த உங்களுக்கு ஜெசிந்தாவின் கோபம் தெரியும். அளக்காமல் எழுதுகிறவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஒருமுறை என் நோட்டைப் பிடுங்கிக் கிழித்து, கையிலிருந்த குடுவையைச் சுவரில் அடித்தார். எனக்கும் வாய் நீளம், சண்டைக்குப் பாய்ந்தேன். மூன்று பேர் சேர்ந்து விலக்கினீர்கள்.

நாம் தயாரித்தது எமல்சிஃபையர். கச்சா எண்ணெய்க்குள் தண்ணீரைத் துளித்துளியாகப் பிடித்து வைக்கும் சரக்கு. அதன் மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் தலையும் எண்ணெயை விரும்பும் வாலும் உண்டு. "வாலு வளைஞ்சிருந்தா எடவெளி விழும், தண்ணி கீழ எறங்கிரும். நேரா நீளமா இருந்தா நெருக்கியடிச்சு நிக்கும்யா. துளியச் சுத்தித் தோலு கெட்டியாயிரும். அப்புறம் தண்ணி எங்கிட்டு எறங்கும்?" என்பார் ஜெசிந்தா.

நேர் வால் கொண்ட புதுச் சரக்கு கலந்த எண்ணெய் சோதனைக்கு வந்தது. மூன்று நாளாகியும் ஜாடியின் அடியில் தண்ணீர் தேங்கவில்லை. அளந்து பார்க்காமல் சோதனைத் தாளில் 'தண்ணீர் இல்லை' என்று எழுதிவிட்டு, அந்த எண்ணெயைக் குடுவையில் ஊற்றி ஹீட்டரில் ஏற்றினேன்.

உள்ளே வந்த ஜெசிந்தா கத்தினார். "உள்ள தண்ணி இருக்குய்யா, அணைய்யா!"

"இல்லீங்க, அடியில ஒரு சொட்டு நிக்கலீங்க" என்றேன். குடுவை குலுங்கத் தொடங்கியது. ஓடிவந்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்து தள்ளினார். நான் தரையில் விழுந்த நொடியில், அடைபட்டிருந்த தண்ணீர் ஆவியாகி வெடித்தது. என் முகம் இருந்த இடத்தைக் கடந்து கொதிக்கும் எண்ணெய் அவருடைய கழுத்திலும் தோளிலும் விழுந்தது. தோல் உரிந்து தொங்க அவர் போட்ட அலறலை நீங்களும் கேட்டீர்கள்.

விசாரணையில், "சூடாக்குனது அவங்கதானுங்க" என்றேன். வேலை போய்விடுமே என்ற பயம். கோழை நான். அவருடைய வேலை போனது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலிலிருந்தே டம்ளரை என் நெற்றியைப் பார்த்து எறிந்தார். "எம்மேல பழி போட்டது கெடக்கட்டும். அந்தத் தாளுல தண்ணி இல்லைன்னே இருக்கே! அத நம்பி இன்னொருத்தன் சூடாக்குனா செத்துருவான்யா. போய் அளந்து எழுது!"

அன்றே அளந்தேன். கால் பங்கு தண்ணீர். தாளைத் திருத்தினேன். பழியைத் திருத்தவில்லை.

சூரியநெல்லிக் கல்லறைத் தோட்டத்தில், மண் போட்டு முடித்ததும், அந்தோணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாயிலேயே குத்தினார். யாரும் தடுக்கவில்லை. வீங்கிய உதட்டோடு உங்களுக்கும் எழுதுகிறேன்: சூடாக்கியவன் நான். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை என் இரண்டு கண்கள்.