மல்லிகைக்குள் கருகல் நாற்றம்

மணப்பெண் தும்மியபோதுதான் ஏதோ சரியில்லை என்று எனக்கு உறைத்தது.

கோவில்பட்டியில் சிறிய அழகு நிலையம் வைத்திருக்கிறேன். முகூர்த்த நாட்களில் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய் மணப்பெண் அலங்காரம் செய்வேன். அன்று கடம்பூருக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண வீடு. பெண்ணுக்குப் புடவை கட்டி முடித்து, கழுத்திலும் மணிக்கட்டிலும் சந்தன சென்ட் அடித்தேன். மணம் எழவில்லை. புட்டி பழசாகிவிட்டது போலிருக்கிறது என்று மறுபடியும் அடித்தேன். அதற்குப் பிறகும் அடித்தேன். பெண் அடுக்கடுக்காகத் தும்மத் தொடங்கினாள். அவளுடைய சித்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"எக்கா, போதும்க்கா. பிள்ளைக்கு மூச்சு முட்டுதுல்லா. வாடை வாசல் வரைக்கும் அடிக்கு."

நான் புட்டியை மூக்கருகே வைத்து ஆழமாக இழுத்தேன். பச்சைத் தண்ணீரை முகர்ந்தது போல இருந்தது.

அதற்கு முந்தின வாரம்தான் எனக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது. சளியின் மிச்சம் என்று நினைத்து ஆவி பிடித்தேன். மூக்கு நன்றாகவே திறந்திருந்தது. காற்று தாராளமாக உள்ளே போனது. அதில் எதுவும் இல்லை.

எனக்கும் மணங்களுக்கும் இருந்த உறவைச் சொன்னால்தான் பின்னால் வருவது புரியும். மல்லிகையைவிடப் பிச்சிப்பூ பிடிக்கும். தாழம்பூ பிடிக்காது, தலை கனத்துவிடும். சந்தன சோப்பைத் தவிர வேறு சோப்பு எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. மகள் நிவேதா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் உச்சந்தலையை முகர்ந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். வெயில், எண்ணெய், சுண்ணக்கட்டித் தூள் எல்லாம் கலந்த ஒரு வாசனை அது. "நாய்க்குட்டி மாதிரி மோந்து பாக்காத" என்று சிணுங்குவாள். தலையை மட்டும் நகர்த்தமாட்டாள்.

ஊரில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். பொறுமையான அம்மா. மூக்குக்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தார் (நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள குழாய், வலிக்காது, கண்ணில் நீர் வரும்). அடைப்பு இல்லை, சதை வளர்ச்சி இல்லை என்றார். இதற்குப் பெயர் அனோஸ்மியா (மணம் அறியும் திறன் அற்றுப்போதல்). வைரஸ் காய்ச்சல் மூக்கின் உச்சியில் இருக்கும் மண நரம்புகளைச் சேதப்படுத்திவிடுவதால் வருவது.

"திரும்ப வருமா டாக்டர்?"

"நிறைய பேருக்கு வருது. எப்ப வரும்னு எங்களால சொல்ல முடியாதும்மா. கேஸ் அடுப்பு பக்கத்துல மட்டும் கவனமா இருங்க."

அந்த எச்சரிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே ஒரு நாள், பால் பொங்கி அடுப்பு அணைந்து, வாயு கசிந்துகொண்டிருந்த சமையலறையில் நின்றபடி காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே போய்விட்டு வந்த கணவர்தான் ஓடிவந்து மூடினார். அவர் தீப்பெட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். நெருப்பென்றால் என்னவென்று தெரிந்தவர். திட்டவில்லை. வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இதை வாசிக்கிற உங்களுக்கு இதே நிலை என்றால், வீட்டில் மூக்கு நன்றாக இருக்கிற யாராவது இருக்கும்போது மட்டும் அடுப்பைப் பற்றவையுங்கள். கௌரவம் பார்க்காதீர்கள்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் மூக்கில் ஏதோ தட்டுப்பட்டது. மகிழ்ச்சியில் கணவரை எழுப்பினேன். "ஏங்க, வாடை தெரியுதுங்க!" எழுந்து, என்ன வாடை என்று கேட்டார். நான் தேடிப் போனேன். சாக்கடையும் எரிந்த முடியும் கலந்தாற்போல ஒரு நாற்றம். எலி செத்திருக்கும் என்று அடுப்படியில் குனிந்து பார்த்தேன். கடைசியில் அது மாமியார் போட்டு வைத்திருந்த காப்பியிலிருந்து வந்தது.

மல்லிகை, சோப்பு, பற்பசை, தாளிக்கும் வெங்காயம், எல்லாவற்றிலும் அதே கருகல் நாற்றம் இருந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் கடலைமிட்டாய் போடும் இடம் ஒன்று உண்டு. கடலை வறுபடும் வாசம் காற்றில் வராத நாள் இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அந்தத் தெருவில் நின்று மூச்சை இழுத்து விடுவார்கள். நான் ஜன்னல்களை அடைத்து, இடுக்குகளில் ஈரத்துணி செருகினேன். கோடையில் அந்த வீட்டுக்குள் எப்படி இருந்திருக்கும் என்று கரிசல் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவர் இதற்கு வேறு பெயர் சொன்னார். பரோஸ்மியா (மணங்கள் திரிந்து தெரிதல்). அறுந்த நரம்புகள் வளரும்போது தவறான இடத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. வறுத்தது, பொரித்தது, காப்பி, வெங்காயம் எல்லாம் பலருக்கும் நாறத்தான் செய்யும் என்றார். "இதை நல்ல அறிகுறின்னுகூடச் சொல்லலாம். நரம்பு வளருது." மாத்திரை இல்லை. வாசனைப் பயிற்சி மட்டும் உண்டு (கிராம்பு, எலுமிச்சை போன்ற சில மணங்களைக் காலையும் மாலையும் நிதானமாக முகர்ந்து, அவற்றை நினைவுக்குக் கொண்டுவருதல்). கிராம்பு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கிராம்பு கிராம்பு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். மூக்கு, எரிந்த ரப்பர் என்று பதில் சொல்லும்.

உடம்பு இளைத்தது. ஆறிய கம்மங்கூழும் தயிர்ச்சோறும் வெள்ளரிக்காயும்தான் இறங்கின. சூடாக எது வந்தாலும் ஆவியோடு நாற்றமும் சேர்ந்து வந்தது. நாத்தனார் பார்க்க வந்தவர், நான் சாம்பார் வாளியைக் கண்டு எழுந்து ஓடுவதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன மயினி, நிவேதாவுக்குத் தம்பியா? மறைக்கியளோ?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. மாமியாரும் மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பிக் கர்ப்பச் சோதனை அட்டை வாங்கிப் பார்க்கச் சொன்னார். அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, "அப்பம் இது என்ன கொழுப்பு?" என்ற கேள்விதான் மிச்சம் இருந்தது. கை உடைந்தால் கட்டுத் தெரியும். இந்த நோய்க்குக் காட்ட ஒன்றுமில்லை.

கடையைப் பூட்டினேன். கல்யாண வீடுகளுக்கு வருவதாக ஒப்புக்கொண்ட நாட்களையெல்லாம், பக்கத்துத் தெருவில் அழகு நிலையம் வைத்திருக்கும் என் சிநேகிதி மாரியிடம் தள்ளிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் நிவேதா பெரியவளானாள்.

மண்டபம் பிடித்துச் சடங்கு வைப்பதென்று வீட்டில் முடிவானது. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எம்மா, நீதான் எனக்கு மேக்கப் போடணும். மாரியத்த வேண்டாம்." ஊரில் எத்தனையோ பெண்களை நான் அலங்கரித்து மேடைக்கு அனுப்புவதைப் பார்த்து வளர்ந்தவள். சரி என்றேன். மூக்குக்குள் பஞ்சு வைத்து, அதன் மேல் முகக்கவசம் போட்டு, மின்விசிறியை என் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டுத் தொடங்கினேன்.

முகம்வரை முடித்துவிட்டேன். பூ வைக்க வேண்டிய நேரம் வந்தது. அவள் தாய்மாமா, என் அண்ணன், ஆசையாகக் கூடை நிறைய மல்லிகை கொண்டுவந்திருந்தான். சடைக்கு மேல் முதல் சரத்தைச் சுற்றியதும் எரியும் டயருக்குள் தலையை விட்டது போல இருந்தது. பஞ்சு, துணி எதுவும் நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது சரத்தை எடுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. கழிவறைக்கு ஓடினேன். நான் வாந்தியெடுப்பது மண்டபத்தில் நாங்கள் இருந்த சிறிய அறை முழுக்கக் கேட்டிருக்கும்.

மாரிதான் வந்து மீதியை முடித்தாள். நான் வாசல் நிலையருகே காற்றுப் படும் இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் சந்தனம், பன்னீர், ஊதுபத்தி. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். "பெத்தவ தள்ளி நிக்கா பாரு. என்ன மனசோ." படம் எடுப்பவர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். மகளின் தோளைத் தொட்டு நின்று, படம் எடுத்து முடியும்வரை மூச்சை அடக்கினேன். அந்த ஆல்பத்தில் நான் இருக்கும் எல்லாப் படங்களிலும் என் உதடுகள் இறுக மூடியிருக்கின்றன. சிரிக்கிற மாதிரி ஒரு படம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நிவேதா வெகுநேரம் குளியலறையில் இருந்தாள். தலையை விரித்துப்போட்டு, ஈரம் சொட்ட வந்து நின்றாள். பூவெல்லாம் போயிருந்தது.

"சோப்பு போடலம்மா. வெறுந் தண்ணியிலதான் குளிச்சேன். இப்பம் பக்கத்துல வரட்டா?"

"வாட்டி" என்றேன்.

மடியில் தலை வைத்துப் படுத்தாள். வெறும் தண்ணீரில் குளித்த அந்தத் தலையிலிருந்தும் எனக்கு அதே நாற்றம்தான் வந்தது. சந்தனமோ மல்லிகையோ என்றால் கழுவிவிடலாம். அவளையே என்ன செய்வது? நான் தலையைக் கோதினேன். வாயால் மெதுவாக மூச்சு விட்டேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "நீ மூக்கால மூச்சு விட மாட்டேங்க. எனக்குத் தெரியுதும்மா." எழுந்து போய்விட்டாள். கோபமாகப் போகவில்லை. பக்குவமாக, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். அதுதான் தாங்கவில்லை.

திருநெல்வேலியில் பெரிய மருத்துவமனைக்கும் போனோம். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லை என்பது நல்ல செய்தி என்று கணவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சரிசெய்யக்கூடியதாக ஏதாவது இருந்திருக்கலாமே என்று பேருந்தில் ஊர் திரும்பும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அன்றிலிருந்து வெங்காயத்தைத் தொடவில்லை. மாமியார் தன் காப்பியைக் கொல்லைப்புறத்தில் தனி அடுப்பில் போட்டுக் குடித்தார். முனகிக்கொண்டேதான், ஆனாலும் செய்தார்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது.

முதலில் சரியாகத் திரும்பி வந்தது பூவுமல்ல, பழமுமல்ல. எட்டயபுரம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் இருந்தேன். அறுப்பு முடிந்த கரிசல் காட்டில் உரத்துக்காக ஆடுகளைக் கிடை போட்டிருந்தார்கள். பேருந்து மெதுவாகத் திரும்பியபோது ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் கலந்த வாடை உள்ளே அடித்தது. அது அப்படியே ஆட்டுக்கிடை வாடையாக இருந்தது. கருகல் இல்லை, ரப்பர் இல்லை. பக்கத்திலிருந்த பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலை மூடக் கை நீட்டினார்.

"மூடாதீங்க" என்றேன்.

"என்னம்மா, இந்த நாத்தத்துலயா?"

"ஆமா, கொஞ்சம் இருக்கட்டும்." என் கண்ணிலிருந்து நீர் வடிவதைப் பார்த்ததும் அவர் கையை எடுத்துவிட்டார். வாந்தி வருகிறதா, எலுமிச்சம்பழம் தரட்டுமா என்று கேட்டார். வாங்கி முகர்ந்தேன். அது இன்னும் எலுமிச்சையாகவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக, முறையில்லாமல் வந்தன. கிராம்பு வந்தது. சந்தனம் பாதி வந்தது. மல்லிகை சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது போல வருகிறது. ஓரத்தில் இன்னும் கருகல் இருக்கிறது. வறுத்த கடலை இன்றுவரை வரவில்லை. கடையைத் திறந்துவிட்டேன். சென்ட் அடிப்பதற்கு முன்னால் மணப்பெண்ணிடம் கேட்கிறேன், எது பிடிக்கும், எது பிடிக்காது என்று. அவள் சொல்வதை நம்ப வேண்டியிருக்கிறது. என் மூக்கை நம்பி இனி எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

மல்லிகை கொஞ்சம் தெரிய ஆரம்பித்த நாளன்று பேருந்து நிலையத்தில் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நிவேதா இப்போது பதினொன்றாம் வகுப்பு. என்னைவிட உயரமாகிவிட்டாள். படித்துக்கொண்டிருந்தாள்.

"வச்சுவிடட்டா?"

"வேண்டாம்மா."

"எனக்கு இப்பம் ஒண்ணும் செய்யலட்டி. வச்சுக்கோ."

"உனக்காவ இல்லம்மா. எனக்கே பூ வாசம் ஒத்துக்கிட மாட்டேங்கு. தல வலிக்கும்."

"எப்பத்துலருந்து?"

யோசித்துப் பார்த்தாள். "தெரியல. பழகிருச்சு." மறுபடியும் புத்தகத்துக்குள் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் கவனித்தேன். அவள் அலமாரியில் பவுடர் இல்லை. சென்ட் இல்லை. மணமில்லாத சோப்பு ஒன்றை அவளாகவே தேடிப் பிடித்து வாங்கி வைத்திருக்கிறாள். நான் நோயில் கிடந்த காலத்தில் அவள் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். எனக்கு நோய் குறைகிறது. அவளிடம் அது பழக்கமாகி, விருப்பமாகவே ஆகிவிட்டது. இதற்கு எந்த மருத்துவரிடம் போவது?

குனிந்திருந்த அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்தேன். விலகவில்லை. இழுத்து மூச்சு விட்டேன், மூக்கால்தான். ஒரு மணம் வந்தது. லேசான உப்பு, இரும்பைத் தொட்ட கை போல ஏதோ ஒன்று. எனக்கு நினைவிருப்பது ஒரு சிறுமியின் தலை. இடையில் வளர்ந்த பெண்ணை நான் முகர்ந்ததே இல்லை. இது நரம்பு திரித்துச் சொல்லும் மணமா, என் மகளின் இப்போதைய மணமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் எதுவும் இல்லை. இன்னொரு முறை முகர்ந்தேன்.

"என்னம்மா, நாறுதா?" என்றாள்.

"தெரியலட்டி" என்றேன். "இரு, பாக்கேன்."