கடலுக்குள் போன அடுப்பு

கிரேக்க நாட்டின் சாந்தோரினித் தீவில் படகோட்டுகிற சம்பேத்தாவிடம், கடலில் மூழ்கிப்போனதாகச் சொல்லப்படும் அட்லாண்டிஸ் நகரம் எங்கே என்று கேட்காத பயணியே கிடையாது.

"யாருக்குத் தெரியும்? நான் பார்க்க மூழ்கினது என் சீர் அடுப்புதான்," என்பாள். கல்யாணத்தன்று, படகிலிருந்து இறக்கும்போது அவள் கணவன் லெஃப்தேரிஸ் துறையோரத்தில் நழுவவிட்ட இரும்பு அடுப்பு அது.

போன கோடையில் அங்கே முக்குளித்த எலெக்த்ரா என்ற பெண் சிரித்துக்கொண்டே மேலே வந்தாள். "அக்கா, உங்க அடுப்பைப் பார்த்தேன்! உள்ள ஒரு ஆக்டோபஸ் குடியிருக்கு."

லெஃப்தேரிஸுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "தூக்கிட்டு வந்துரட்டுமா?"

"நீயா? சும்மா கிட! இருபது வருஷம் கழிச்சு இப்பத்தான் அதுல ஒரு குடும்பம் நடக்குது," என்று சிரித்தபடியே படகைக் கிளப்பினாள் சம்பேத்தா.